முதல் 90 நாளில் என்ன செய்து கிழிப்பீர்கள்?

கஸ்டமர் சக்சஸ் தலைமைப் பதவிக்கு இன்டர்வியூ போகிறவர்கள் எழுதலாம் என்று போன இதழில் ஒரு வார்த்தை சொன்னேன். ஓ.எம்.ஆர். சாலையில் பாதிப் பேர் வேலை மாறப் பார்க்கிறார்கள் என்று இப்போது தெரிகிறது. இப்போது வேலை பார்க்கும் கம்பெனிக்கு விஷயம் போய்விடக் கூடாது என்பதால் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

துரைப்பாக்கம்: கடைசி ரவுண்டுக்கு 30-60-90 நாள் திட்டத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். 45 நிமிடம். எத்தனை ஸ்லைடு போடலாம்?

எட்டு. 45 நிமிடத்தில் 20 நிமிடம்தான் உங்களுடையது. மிச்சம் அவர்களுடைய குறுக்குக் கேள்விக்கு. வேலை கிடைப்பது அந்த மிச்சத்தில்தான்.

மேற்கு மாம்பலம்: என் மகன் கஸ்டமர் சக்சஸ் வேலையில் இருக்கிறான். "சப்போர்ட்டா?" என்று கேட்டால் கோபம் வருகிறது. அப்படி என்னதான் வேலை?

முன்பெல்லாம் சாஃப்ட்வேரை ஒருமுறை விற்று, பணத்தை எண்ணி வாங்கினால் கதை முடிந்தது. இப்போது எல்லாம் சந்தா. வருடா வருடம் வாடிக்கையாளர் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். புகார் வந்த பிறகு ஓடுவது சப்போர்ட். புகாரே சொல்லாமல் ஒருவர் கிளம்பத் தயாராகிறார் என்பதை ஆறு மாதம் முன்பே மோப்பம் பிடித்து, அவர் எதற்காக வாங்கினாரோ அதை அவருக்கு நடத்திக் கொடுப்பது கஸ்டமர் சக்சஸ். மகன் கோபப்படுவது நியாயம்.

பெருங்குடி: முதல் 30 நாள் கற்றல், அடுத்த 30 திட்டமிடல், கடைசி 30 செயல்படுத்தல் என்று ஒரு டெம்ப்ளேட் கிடைத்தது. அழகாக இருக்கிறது. அதையே வைத்துச் சமாளிக்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அந்த மூன்று பெட்டிகளையும் நான் நன்றாக அறிவேன். நீலம், பச்சை, ஆரஞ்சு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னப் படம்: புத்தகம், பல்பு, ராக்கெட். உங்களுக்கு முன்னால் வந்தவரும் இதைத்தான் காட்டினார். பின்னால் வரப்போகிறவரும் இதைத்தான் கொண்டுவருவார். கம்பெனி பெயரை அழித்து வேறு பெயர் எழுதினால் அப்படியே பொருந்தும் திட்டம் எந்தக் கம்பெனிக்கும் உதவாது.

கல்யாணச் சமையல் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பாருங்கள். வந்து உட்கார்ந்ததும் மெனு கார்டை நீட்டுவாரா? "எத்தனை இலை?" என்று கேட்பார். அடுத்தது "காலையா, ராத்திரியா? மண்டபத்தில் தண்ணீர் எப்படி? மாப்பிள்ளை வீடு எந்தப் பக்கம்?" அவர் கேட்கிற கேள்வியிலேயே ஆள் எத்தனை கல்யாணம் பார்த்தவர் என்று தெரிந்துவிடும். பேனலும் உங்களிடம் அதைத்தான் பார்க்கிறது.

முதல் கேள்வி, கம்பெனி எந்த நிலையில் இருக்கிறது என்பது. மைக்கேல் வாட்கின்ஸ் எழுதிய 'தி ஃபர்ஸ்ட் 90 டேஸ்' புத்தகத்தின் திருத்திய பதிப்பில் ஐந்து நிலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்: புதிதாகத் தொடங்குவது, கவிழ்கிறதைத் தூக்கி நிறுத்துவது, வேகமாக வளர்வதைச் சமாளிப்பது, நன்றாக இருந்து வழுக்கத் தொடங்கியதைத் திருப்புவது, நன்றாக ஓடுவதைக் கெடுக்காமல் ஓட்டுவது. இரண்டாவது நிலையில் இருக்கிற கம்பெனியில் போய் "முதல் 30 நாள் கற்றுக்கொள்வேன்" என்றால், கற்று முடிப்பதற்குள் நாலு பெரிய வாடிக்கையாளர்கள் போயிருப்பார்கள். ஐந்தாவது நிலையில் இருக்கிற கம்பெனியில் போய் "முதல் வாரமே எல்லாவற்றையும் மாற்றுவேன்" என்றால் டீம் போயிருக்கும்.

இரண்டாவது கேள்வி, ரினியூவல் நாள்காட்டி. நீங்கள் சேரும் நாளிலிருந்து 90 நாளுக்குள் எந்தெந்த ஒப்பந்தம் முடிகிறது? இதை யாரும் கேட்பதில்லை. இதுதான் எனக்கு ஆற்றாமை. அந்த 90 நாளில் முடிகிற ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றின் தலையெழுத்து, வாடிக்கையாளருக்குச் சாஃப்ட்வேரை அமைத்துப் பழக்கிக் கொடுத்த ஆன்போர்டிங் காலத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. நீங்கள் போய்ப் பெரிதாக மாற்ற முடியாது. ஆறு மாதம், ஒன்பது மாதம் கழித்து முடிகிறவற்றை மாற்ற முடியும். ஆகவே உங்கள் திட்டத்தில் இரண்டு வரி வேண்டும். "இந்தக் காலாண்டில் முடிகிறவற்றில் பெரிய ஐந்தை நானே நேரில் பார்ப்பேன். மற்ற உழைப்பெல்லாம் அடுத்த வருடம் முடிகிறவற்றின் ஆன்போர்டிங்கில் போடுவேன்." ராக்கெட் படம் எதுவும் இல்லாமல் இந்த இரண்டு வரியைச் சொல்லிப் பாருங்கள். சி.இ.ஓ. நிமிர்ந்து உட்காருவார்.

கேளம்பாக்கம்: "வாடிக்கையாளரே நம் முதலாளி" என்று முதல் ஸ்லைடு போடலாமா?

அது ஓட்டல் கல்லாவுக்குப் பின்னால் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது. முதல் ஸ்லைடில் கம்பெனியின் பிரச்சினையைப் போடுங்கள்.

வேளச்சேரி: என்.ஆர்.ஆர். 105 சதவீதம் என்று எச்.ஆர். பெருமையாகச் சொன்னார். அதைப் பாராட்டித் தொடங்கினால் நல்லெண்ணம் வருமா?

பாராட்டுங்கள். உடனே ஜி.ஆர்.ஆர். எவ்வளவு என்று கேளுங்கள். முன்னது நெட் ரெவின்யூ ரிடென்ஷன், பின்னது கிராஸ் ரெவின்யூ ரிடென்ஷன்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வருடத் தொடக்கத்தில் பழைய வாடிக்கையாளர்களிடமிருந்து 10 கோடி வருமானம். அதில் 1 கோடிக்குரியவர்கள் போய்விட்டார்கள். இன்னும் சிலர் பிளானைக் குறைத்துக்கொண்டதில் 50 லட்சம் போனது. இருப்பவர்களில் சிலர் கூடுதலாக வாங்கியதில் 2 கோடி வந்தது. கூட்டிக் கழித்தால் 10.5 கோடி. என்.ஆர்.ஆர். 105 சதவீதம், எல்லோரும் கை தட்டலாம். ஆனால் கூடுதலாக வந்ததைச் சேர்க்காமல் பார்த்தால் மிஞ்சியது 8.5 கோடி. ஜி.ஆர்.ஆர். 85 சதவீதம். நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் ஒரே வருடத்தில் கசிந்திருக்கிறது. அந்த 2 கோடி எத்தனை பேரிடமிருந்து வந்தது என்று அடுத்துக் கேளுங்கள். இரண்டே பெரிய வாடிக்கையாளர் என்றால், அந்தக் கம்பெனி 105-ஐ நம்பித் தூங்கக் கூடாது.

பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனி என்றால் இதில் பாதியை வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். சென்னையில் 2010-ல் தொடங்கி 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ், ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் தன் நெட் டாலர் ரிடென்ஷன் விகிதத்தை வெளியிடுகிறது. பட்டியலாகாத கம்பெனி என்றால் ஜி2, கேப்டெரா தளங்களில் வாடிக்கையாளர்கள் எழுதியதைப் படியுங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரக்காரர்களிடம் போங்கள். கோபத்தில் எழுதியவருக்கும் பாசத்தில் எழுதியவருக்கும் நடுவே, "நல்ல சாமான்தான், ஆனால் செட் பண்ண நாலு மாதம் ஆனது" என்று ஒருவர் எழுதியிருப்பார். உங்கள் இரண்டாவது ஸ்லைடு அதுதான்.

சோழிங்கநல்லூர்: ஏ.ஐ. பற்றி எத்தனை ஸ்லைடு?

எட்டில் ஒன்று. அதிலும் எந்த வேலையை அதனிடம் கொடுப்பீர்கள், எதைக் கொடுக்க மாட்டீர்கள் என்று மட்டும்.

கோவை, சரவணம்பட்டி: இந்தத் துறையில் இதுவரை நடந்தவற்றில் மிகச் சிறந்த பிரசன்டேஷன் எது என்று சொல்வீர்கள்?

யோசிக்கவே வேண்டாம். 2005, கலிஃபோர்னியாவில் ஹாஃப் மூன் பே என்ற கடற்கரை ஊர். சேல்ஸ்ஃபோர்ஸ் கம்பெனியின் தலைகள் எல்லாம் கூடியிருக்கிறார்கள். தொடங்கி ஆறு வருடம். அதற்கு முந்தைய வருடம்தான் பங்குச்சந்தைக்கு வந்திருக்கிறார்கள். விற்பனை பிய்த்துக்கொண்டு போகிறது. கம்பெனித் தலைவர் மார்க் பெனியாஃப் முதல் எல்லோரும் நல்ல மனநிலையில் இருக்கிறார்கள். அங்கே டேவிட் டெம்ப்ஸி என்பவர் எழுந்து நின்று ஓர் எண்ணைச் சொன்னார்: 8 சதவீதம். மாதத்துக்கு.

மாதம் எட்டுதானே என்று தோன்றும். நூறு வாடிக்கையாளரோடு ஜனவரியைத் தொடங்குங்கள். மாதா மாதம் இருப்பவர்களில் எட்டு சதவீதம் பேர் கழன்றுகொண்டால், டிசம்பர் முடிவில் முப்பத்தேழு பேர்கூட முழுதாக இருக்க மாட்டார்கள். அந்த நூறைக் காப்பாற்றவே குறைந்தது அறுபத்து மூன்று புது ஆட்களைப் பிடிக்க வேண்டும். வளர்ச்சி அதற்கு மேல். கம்பெனி பெரிதாகப் பெரிதாக ஓட்டை பெரிதாகும். அந்தப் பேச்சால் டெம்ப்ஸிக்கு 'டாக்டர் டூம்' என்ற பட்டப்பெயர் வந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் அந்தக் கம்பெனி வாடிக்கையாளரைத் தக்கவைக்கிற வேலையைத் தலைமேல் வைத்துக்கொண்டு செய்யத் தொடங்கியது. நிக் மேத்தா, டான் ஸ்டைன்மன், லிங்கன் மர்ஃபி மூவரும் 2016-ல் எழுதிய 'கஸ்டமர் சக்சஸ்' புத்தகம் இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. இன்டர்வியூவுக்கு முன் வேறெதையும் படிக்க நேரமில்லை என்றாலும் அந்த முதல் அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள்.

டெம்ப்ஸியிடம் கற்க வேண்டியது, எல்லோரும் ஏற்கெனவே வைத்திருந்த எண்ணை எடுத்து, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று கடைசிவரை நடத்திக் காட்டியதுதான். பேனலிடம் நீங்கள் செய்யவேண்டியதும் அதே. அவர்கள் கொடுத்த தகவலில் ஓர் எண்ணை எடுங்கள். அதைப் பன்னிரண்டு மாதம் நடக்க விடுங்கள். எங்கே போய் நிற்கிறது என்று காட்டுங்கள். அப்புறம் உங்கள் திட்டத்தைச் சொல்லுங்கள். அறையில் இருப்பவர்கள் தானாகக் கேட்பார்கள்.

திருவான்மியூர்: ஹெல்த் ஸ்கோர் போர்டு ஒன்றை அமைப்பேன் என்று திட்டத்தில் சேர்த்திருக்கிறேன். சரிதானே?

இந்தப் பச்சை, மஞ்சள், சிவப்பு சமாசாரத்தின் மேல் எனக்கு என்றுமே அவநம்பிக்கை. மறைக்க விரும்பவில்லை.

வழக்கமாக நடப்பது இதுதான். வாடிக்கையாளர் தினமும் லாகின் செய்கிறார்: பச்சை. டிக்கெட் அதிகம் இல்லை: பச்சை. போன சர்வேயில் ஒன்பது மதிப்பெண் கொடுத்தார்: கரும்பச்சை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு வரி மெயில் வருகிறது, "ரினியூ செய்வதாக இல்லை, நன்றி." விசாரித்தால், உங்கள் சாமானை வாங்கக் கையெழுத்துப் போட்ட அதிகாரி மூன்று மாதம் முன்பே வேலையை விட்டுப் போயிருப்பார். புதிதாக வந்தவர் தன் பழைய கம்பெனியில் பயன்படுத்திய சாஃப்ட்வேரோடு வந்திருப்பார். தினமும் லாகின் செய்தவர்கள் டேட்டாவை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள்!

போர்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. திட்டத்தில் இப்படி எழுதுங்கள்: "கடந்த ஒரு வருடத்தில் போன பத்து வாடிக்கையாளரோடு நானே போனில் பேசுவேன். போவதற்கு முன் என்ன அறிகுறி இருந்தது என்று கேட்பேன். அந்த அறிகுறிகளை வைத்துத்தான் ஸ்கோர் அமைப்பேன்." போனவர்கள் உண்மையைச் சொல்வார்கள். அவர்களுக்கு இனி நம்மிடம் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

மேடவாக்கம்: டீமில் எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டால்?

வாயில் வந்த எண்ணைச் சொல்லாமல் பெருக்கிக் காட்டுங்கள். ஒரு கஸ்டமர் சக்சஸ் மேனேஜருக்கு வாரம் 40 மணி நேரம். மீட்டிங், மெயில், உள் வேலையில் பாதி போய்விடும் என்று வையுங்கள். மிச்சம் 20. பெரிய வாடிக்கையாளருக்கு வாரம் ஒரு மணி நேரம் என்றால் ஒருவரால் 20 பேரைத்தான் பார்க்க முடியும். அப்படி 60 பேர் இருந்தால் மூன்று ஆள். ஆயிரம் சின்ன வாடிக்கையாளர் இருந்தால் ஆளைப் போட்டுக் கட்டுப்படியாகாது. வீடியோ, மெயில், குழு வகுப்பு என்று வேறு வழி வேண்டும். இதில் 40, 20, ஒன்று எல்லாம் உங்கள் ஊகம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் எண்ணைத் திருத்துவார்கள். திருத்தத் தொடங்கினால் உங்களோடு வேலை செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

மயிலாப்பூர்: எல்லாவற்றுக்கும் வள்ளுவர் இருக்கிறார். இதற்கு?

ஒரு திட்டமே வைத்திருக்கிறார்! பொருட்பாலில் 47-ஆம் அதிகாரத்திலிருந்து வரிசையாகப் பாருங்கள். தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல். வரவு செலவை எண்ணு, உன் பலத்தையும் எதிரியின் பலத்தையும் எடைபோடு, நேரம் பார், இடம் பார். தாண்டிப் போனால் 51, 52: ஆளைத் தெளிந்து தேர்ந்தெடுப்பது, தேர்ந்தவரிடம் வேலையை ஒப்படைப்பது. ஆறு அதிகாரம், ஆறு ஸ்லைடு. எட்டில் இன்னும் இரண்டு மிச்சம். அதில் ரினியூவல் நாள்காட்டியும் பட்ஜெட்டும்.

முக்கியமாக இடனறிதல். பெரிய வங்கிகளை வாடிக்கையாளராக வைத்துப் பேரெடுத்த ஒருவர், சின்னக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விற்கிற கம்பெனிக்குப் போய் "ஒவ்வொருவருக்கும் காலாண்டு மீட்டிங்" என்று தொடங்கினால் தண்ணீரை விட்டு வெளியே வந்த முதலைதான். அந்த அதிகாரத்தில் முதலை வருவதும் இதற்காகத்தான்.

அம்பத்தூர்: "உங்கள் திட்டம் எங்கே கவிழும்?" என்று கேட்டார்கள். முழித்தேன்.

இனி முழிக்க வேண்டாம். கேரி கிளைன் என்ற உளவியலாளர் 2007-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய வழி இருக்கிறது: திட்டம் தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று முன்கூட்டியே எழுதிப் பார்ப்பது. முதல் நாள் இரவு பத்து நிமிடம் செய்யுங்கள். பெரும்பாலும் விடை "விற்பனை டீம் தரமுடியாததை வாக்குக் கொடுத்து விற்றுவிட்டது" என்று வரும். அதை பேனலில் இருக்கும் சேல்ஸ் தலைவர் முகத்தைப் பார்த்துப் பணிவாகச் சொல்லுங்கள்.

தாம்பரம்: வயது 46. வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. நாலு கம்பெனி திட்டம் கேட்டன. ஒவ்வொன்றுக்கும் மூன்று நாலு இரவு கண்விழித்துத் தயாரித்தேன். இரண்டு கம்பெனியிடமிருந்து பதிலே இல்லை. ஒன்று, நான் சொன்னதையே இப்போது செய்கிறது என்று கேள்விப்பட்டேன். மனசு விட்டுப்போகிறது.

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

பதில் அனுப்பாதது அந்தக் கம்பெனிகளின் மரியாதைக் குறைவு. உங்கள் தகுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் யோசனையை எடுத்துக்கொண்டார்கள் என்றால் அது தவறு, வேறு சொல்லில்லை. ஆனால் அதிலேயே ஒரு தகவலும் இருக்கிறது: உங்கள் யோசனை செயல்படக் கூடியது.

இனி மூன்று நாலு இரவு வேண்டாம். நாலு மணி நேரம் என்று வரம்பு வையுங்கள். தொடங்கும் முன் எச்.ஆரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இந்தப் பதவிக்கு பட்ஜெட் ஒப்புதல் ஆகிவிட்டதா, இந்த ரவுண்டில் எத்தனை பேர், முடிவு எதுவானாலும் எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள். முதல் கேள்விக்கே மழுப்பினால் அந்த இடத்துக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். ஃபைலை முன்கூட்டி அனுப்பாமல் நேரில் திரையில் காட்டுங்கள். என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லுங்கள். எப்படி என்பதன் நுணுக்கத்தை அவர்கள் கேட்கக் கேட்க வாயால் சொல்லுங்கள். பழைய கம்பெனியின் வாடிக்கையாளர் பெயரையோ எண்ணையோ ஒருபோதும் ஸ்லைடில் போடாதீர்கள். எவ்வளவு அவசரத்திலும் அது கூடாது.

இன்னொன்று. இத்தனை வருடத்தில் நீங்கள் கைதூக்கிவிட்ட வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். அவர்களில் பலர் இன்று வேறு கம்பெனிகளில், பெரிய பதவியில் இருப்பார்கள். நள்ளிரவில் நீங்கள் போனை எடுத்து அவர்கள் வேலையைக் காப்பாற்றியது அவர்களுக்கு மறந்திருக்காது. இந்த வாரம் அவர்களில் ஐந்து பேருக்குப் போன் செய்யுங்கள். வேலை கேட்டு என்றுகூடச் சொல்ல வேண்டாம். நலம் விசாரியுங்கள், நிலைமையைச் சொல்லுங்கள். உங்களைப் பற்றி அவர்கள் சொல்லப்போகும் இரண்டு வாக்கியத்துக்கு எட்டு ஸ்லைடும் ஈடாகாது. எட்டு மாதம் நீண்ட காலம்தான். வீட்டில் இருப்பவர்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள். வேலை கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதவேண்டும்.

நாவலூர்: கோட் போடவேண்டுமா?

ஏ.சி. எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுசேரி: நாங்கள் மேஜையின் அந்தப் பக்கம் இருப்பவர்கள். ஆள் எடுக்கிற பேனல். எங்களுக்குச் சொல்ல ஏதாவது உண்டா?

உண்டு. திட்டம் கேட்கிறீர்கள் என்றால் தகவல் கொடுங்கள்: வாடிக்கையாளர் எத்தனை, எந்த அளவு, ஜி.ஆர்.ஆர். எவ்வளவு, போனவர்கள் ஏன் போனார்கள். ரகசியம் என்றால் கற்பனைக் கம்பெனி ஒன்றின் எண்களைக் கொடுத்துக் கேளுங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். கடைசிச் சுற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள். வேலை கிடைக்காதவருக்கும், எந்த இடத்தில் பின்தங்கினார் என்று இரண்டு வரி எழுதி ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள். வாடிக்கையாளரைப் பேணத் தெரிந்தவரைத் தேடுகிற கம்பெனி, வாசலுக்கு வந்தவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.